வெளிச்சம் தின்னும் தகடும் குன்வோரின் வியாழக்கிழமையும்

ஸ்வீடனின் நோர்ஷோப்பிங் நகரில் ஆயுளின் பெரும்பகுதியை டிராம் ஓட்டிக் கழித்த குன்வோர் டோர்ன்பெரி, எந்த அறிவிப்பையும் மீறியவர் அல்லர். ஓய்வுக்குப் பின் அவருக்கு எஞ்சியிருந்த ஒரே ஆட்சியுரிமை, குடியிருப்பின் நிலவறைச் சலவை அறையில் வியாழன் மாலை முறை. கணவர் இறந்தபோதுகூட அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அடக்கத்தைத்தான் வெள்ளிக்கு மாற்றினார்.

இலையுதிர்காலத்தில் குடியிருப்புச் சங்கத் தலைவர் ரூனே ஆல்மார்க் அந்த அறையின் சுவரில் ஒரு கருவியை ஒட்டினார். முறை முடிந்தும் வெளியேறாதவர் யார் என்று அவருடைய கைபேசிக்குக் கோள் சொல்வது அதன் வேலை. பேட்டரி கிடையாது. செய்தித்தாளைப் போல அச்சிட்டெடுத்த கரிமச் சூரியத் தகடு ஒன்று அதன் முகத்தில் இருந்தது. அதற்கு வெயில் வேண்டாம், அறை விளக்கைத் தின்றே உயிர்வாழும் என்று ரூனே, வாயில் இலவங்கப்பட்டை ரொட்டியுடன், எல்லோருக்கும் விளக்கினார்.

விரைவிலேயே குன்வோருக்கு எச்சரிக்கை வந்தது. வியாழன்தோறும் அவர் விடிய விடிய உள்ளேயே இருந்தாராம். மீண்டும் நடந்தால் அவருடைய முறை பறிபோகும். மாடிப்படியில் ரூனேயை மறித்தார்.

“ராத்திரி பூரா அங்க என்ன பண்ணேன்னும் சொல்லுச்சா, தலைவரே? சாக்ஸோட பேசிட்டு இருந்தேனா?”

“கருவிக்கு யார்மேலயும் விரோதம் கிடையாது, குன்வோர். என் செவ்வாய்க்கிழமையப் பத்தி அது ஒரு குறையும் சொன்னதில்லையே.”

அந்தப் பதில் உறுத்தியது. அடுத்த செவ்வாய், ரூனே துணிக்கூடையுடன் மேலேறியதும் குன்வோர் கீழே இறங்கிப் பார்த்தார். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ‘கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்கவும்’ என்று ரூனே கைப்பட எழுதிய அறிவிப்பு அதற்குக் கீழேயே ஒட்டப்பட்டிருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. அசைவு நின்று சற்றுநேரம் கழித்தே கருவி ‘அறை காலி’ என்று சொல்லும். விளக்கு அணைந்தால், ஒரு மடக்குக்கு மேல் மின்சாரம் சேமிக்கத் தெரியாத அது பசியில் வாயடைத்துப்போகும். ‘உள்ளே ஆள்’ என்ற கடைசிப் பேச்சே, காலையில் யாராவது விளக்கைப் போடும்வரை நிற்கும். கட்டளைக்குப் பணிந்தவர் குற்றவாளி. அதை எழுதிவிட்டு மறந்தவர் உத்தமர்.

இப்போது அறையில் கடைசியாக நின்றவர் குன்வோர். ஆகவே விதிப்படி விளக்கை அணைத்தார். அடுத்த செவ்வாயும் அணைத்தார். அதற்கடுத்த செவ்வாயும்.

டிசம்பர் தொடக்கத்தில் ரூனே அவருடைய கதவைத் தட்டினார்.

“என் போன் என்னையே குத்தவாளிங்குது, குன்வோர். அப்போ என் பக்கத்துல குறட்டை விட்டது யாருன்னு என் பொண்டாட்டி கேக்குறா.”

“கருவிக்கு யார்மேலயும் விரோதம் கிடையாது, தலைவரே.”

பிறகு குன்வோர் காரணத்தை விளக்கினார். ரூனே தலையைப் பிடித்துக்கொண்டார். விளக்கணைக்கும் விதி பொதுக்கூட்டம் வாக்களித்துச் செய்தது. அடுத்த கூட்டம் மே மாதத்தில்தான். அதுவரை தலைவராலும் அதைத் தொட முடியாது.

“வழி இருக்கு,” என்றார் குன்வோர். “முதல்ல என் எச்சரிக்கையக் கிழிங்க. கிழிச்ச துண்ட என்கிட்டயே குடுங்க.”

ரூனே கிழித்தார். குன்வோர் துண்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டு, கிறிஸ்துமஸ் காலத்துக்காகத் தம் சன்னலில் வைத்திருந்த ஏழு விளக்கு அட்வென்ட் தண்டைக் கழற்றி, நிலவறைக்குக் கொண்டுபோய்க் கருவியின் மூக்கருகே அதற்குத் தீனியாக ஏற்றிவைத்தார். அறை விளக்கைப் பற்றித்தான் விதி. பண்டிகை விளக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“கீழ சன்னலே இல்லையே,” என்றார் ரூனே.

“அதுக்காக அட்வென்ட் கீழ எறங்கி வராதா?”

ஜனவரியில், கிறிஸ்துமஸ் முடியும் க்னூட் நாளன்று, ஊரே பண்டிகை விளக்குகளை இறக்கியது. சலவை அறையில் மட்டும் ஈஸ்டர் கடந்தும் ஏழும் எரிந்தன. ஒவ்வொரு வியாழனும் குன்வோர் அறை விளக்கை ஒழுங்காக அணைத்துவிட்டு மேலேறினார்.