ஏது பிரேக்கு?

விண்வெளிப் படம் என்றால் கயிற்றுக்காரர் கதையைப் பார்க்கமாட்டார், இடுப்பைப் பார்ப்பார். எடையில்லாமல் மிதக்கிற ஆள் உண்மையில் கம்பியில் தொங்குகிறான் என்பது இடுப்பில் தெரிந்துவிடுமாம். தெரிந்ததும் பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியின் முழங்கையை இடிப்பார். கல்யாணமான புதிதில் தொடங்கிய இடி. அந்தப் பக்கத்துக் கையை மடியில் ஒடுக்கிக்கொண்டே படம் பார்க்க அவள் பழகிவிட்டாள்.

"பாரு, சுவர்கிட்ட வந்ததும் மெதுவாகுறான். தடுக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு? தள்ளிவிட்ட வேகத்துலயே போகணும். ஏது பிரேக்கு?"

முன்வரிசையிலிருந்து யாராவது திரும்புவார்கள். "ஐயா மேல போயிட்டு வந்திருக்கீங்களோ?"

"டிக்கெட் கிடைக்கல தம்பி."

அவர் தொழிலே அதுதான். படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களைக் கம்பியில் தூக்கிப் பறக்கவிடுகிறார். கம்பி, மேலே ஒரு தண்டவாளத்தில் ஓடும். அதை இழுக்கவும் விடவுமான கயிறு இவர் கையில். உள்ளங்கை செருப்புத்தோலாகிவிட்டது. ஆவி பறக்கும் டம்ளரைத் துணியில்லாமல் பிடிப்பார். மனைவி அதே தளத்தின் மூலையில், தொங்குகிறவர்களின் இடுப்புப் பட்டைக்குப் பஞ்சு வைத்துத் தைக்கிறாள். பேச்சு குறைவு. பார்வை மட்டும் ஊசிமுனை.

இப்போது எடுக்கிற விண்வெளிப் படத்தில் கதாநாயகிக்குப் பதிலாக மிதக்கிறவள் இவர்களுடைய மகள். முதல் வேலை. கப்பலின் ஒரு சுவரை உதைத்துக் கிளம்பி, எதிர்ச்சுவர்வரை ஒரே வேகத்தில் போய், கையால் தடுத்து நிற்கவேண்டும். எத்தனை முறை எடுத்தும் பாதிவழி நன்றாக வந்து, சுவர் நெருங்கும்போது வேகம் செத்துப்போனது.

இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். "பொண்ணு பயப்படுதுண்ணே. நாளைக்கும் இப்படின்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

கயிற்றுக்காரர் மகள்மேல் பாய்ந்தார். "என்னடி, சுவத்தைப் பாத்தா பேயப் பாத்த மாதிரி?"

"உதைக்கிறதோட என் வேலை முடிஞ்சுதுப்பா. அப்புறம் என் கையில என்ன இருக்கு?"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எல்லோரும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பார்த்தது கயிற்றை.

"அவ நிக்கலைங்க. நீங்கதான் பிடிக்கிறீங்க."

"நானா? என் சர்வீஸ்ல..."

"அடுத்தவங்க பிள்ளைன்னா கயிறு வழுக்கிக்கிட்டுப் போகுது. இவளுன்னா உங்க விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போகுது. நீங்களே பாருங்க."

அவர் கையை விரித்துப் பார்த்தார்.

மறுநாள் காலை ஒருமுறை விட்டுப் பார்த்தார். மனசு விட்டது, கை விடவில்லை. இறங்கிவந்த மகளின் முகத்தைப் பார்க்காமல், பக்கத்துக் கயிற்றைப் பிடிக்கிற மச்சானைக் கூப்பிட்டார்.

"நீ பிடிடா. உனக்குத்தான் ஈவிரக்கமே கிடையாது."

"அக்காவை உங்களுக்குக் கட்டிக்கொடுத்தப்பவே அது போச்சு மாமா" என்றபடி மச்சான் கயிற்றை வாங்கினான்.

மகள் உதைத்தாள். போன வேகம் குறையாமல் போய், இரண்டு உள்ளங்கையும் சுவரில் அறைந்து நின்றாள். இயக்குநர் கைதட்டினார்.

இன்றுவரை அவளுக்குக் கயிறு பிடிப்பது மாமன்தான். மற்றவர்களைக் கயிற்றுக்காரர் பறக்கவிடுகிறார். மகளின் முறை வந்தால் தையல் இயந்திரத்தின் பக்கம் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் சுவரை நெருங்க நெருங்க, அவருடைய வலதுகால் தரையை அழுத்துகிறது.