கீழ் டிவிஷனுக்குச் சேர வேண்டிய பெயர்

வெட்டிப்போட்ட லாலாங் புல் வெயிலில் காயும் வாடைதான், தோட்டத்துப் பந்துத் திடலை நினைத்தால் எனக்கு முதலில் வரும். போன வாரம் சிரம்பான் வீட்டில் என் மகன், அமெரிக்கர்கள் முட்டைப் பந்தை வைத்து ஆடும் காற்பந்தில் எந்தக் கல்லூரி அதிகமான தொழில்முறை ஆட்டக்காரர்களை உருவாக்கியது என்ற பட்டியலைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தவன், "ஒருத்தர் ரெண்டு காலேஜ்ல ஆடியிருந்தா எதுல சேர்ப்பாங்கப்பா?" என்று கேட்டான்.

சுவா என்ற சிற்றூருக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு. இரண்டிலும் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி. எந்தப் பள்ளி மாநிலக் காற்பந்துக் குழுவுக்கு அதிகம் பேரை அனுப்பியது என்பது, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் 'பெரட்டு' வரைக்கும் தொடரும் வாக்குவாதம். மேல் டிவிஷனில் கணக்கெழுதும் கிராணியின் மகனான நான், ஆறாம் ஆண்டு படிக்கையில், தேர்வானவர்களைத் தேதி, கிழமையோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சண்டை முற்றினால் பெரியவர்களும் என்னிடம்தான் வருவார்கள்.

இரண்டு பள்ளிகளும் சமமாக இருந்தபோது செல்வம் தேர்வானான். ஐந்து ஆண்டுகள் கீழ்ப் பள்ளியில் ஆடியவன். அப்பாவுக்கு வேலை மாறியதால் ஒரு மாதம் முன்புதான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தான். அவனை எங்கள் பக்கம் எழுதினேன்.

மறுநாள் கீழ்ப் பள்ளிக்குச் சம்பளமில்லாமல் பயிற்சி கொடுத்துவந்த முனியாண்டி, அன்று வெட்டிய ரப்பர் பாலை ஆலையில் கொட்டிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கீழ்த் திடலில், எண்ணெய் எடுக்கும் செம்பனை நட நிர்வாகம் நினைத்திருந்தது. அதிகம் பேரை அனுப்பியது கீழ்ப் பள்ளிதான் என்று தெரிந்தால் விட்டுவிடுவதாக மேனேஜர் சொல்லி, அப்பாவிடம் என் நோட்டைக் கேட்டிருந்தார்.

"தம்பி, அஞ்சு வருசம் எங்க திடல்ல ஓடுன பையன் லா. ஒரு மாசம் இங்க தூங்கி எழுந்தா உங்க புள்ளையா?"

"செலக்சன் அன்னைக்கு எந்த ஸ்கூலோ, அதான் கணக்கு."

"அப்படியா ரூலு?"

"ஆமா."

அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். "படிக்கிற புள்ள நீ சொல்ற. ரூலுன்னா சரிதான் லா" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து அப்பா சிரித்தார். "கிராணி மகன்கிட்டயே கணக்குக் கேக்க வந்துட்டான் பாரு."

அந்த விதி அந்த நிமிடத்தில் நான் உண்டாக்கியது. நோட்டில் மூன்று பக்கம் முன்னால், எங்களிடம் படித்துவிட்டுத் தேர்வுக்குச் சற்று முன் கீழ்ப் பள்ளிக்கு மாறிப்போன ஒருவனையும், வளர்த்த பள்ளிதான் கணக்கு என்று எங்கள் பக்கமே எழுதியிருந்தேன். இரண்டு விதிகளில் எதை நேர்மையாகப் பிடித்திருந்தாலும் கீழ்ப் பள்ளிதான் ஒருவர் கூடுதலாக இருந்திருக்கும். நோட்டைக் காட்டச் சொல்லியிருந்தால் அகப்பட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை.

நோட்டு அப்படியே மேனேஜரிடம் போனது. அடுத்த மழைக்குள் கீழ்த் திடலில் செம்பனைக் கன்று நட்டுவிட்டார்கள்.

இன்று இரண்டு பள்ளிகளும் இல்லை. ஆட்கள் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்திலும் செம்பனைதான். எங்கள் தோட்டத்து ஆட்களின் பிறப்பு, கலியாணம், இறப்பு எல்லாவற்றையும் தேதியோடு தொகுத்து வைத்திருக்கிறேன். முனியாண்டி இறந்த தேதி மட்டும் என்னிடம் இல்லை. அவர் மகள் லுக்குட்டில் கடை வைத்திருக்கிறார், கேட்டால் சொல்லிவிடுவார். இரண்டு முறை அந்தக் கடைக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமல் திரும்பியிருக்கிறேன்.