பச்சைத் தண்ணீரும் குடிக்காதவர்கள்

பினாங்கில் வந்து இறங்கிய முதல் வாரமே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. பாளையங்கோட்டைப் பக்கத்து மடம் ஒன்றிலிருந்து இரண்டு கன்னியர்களை அனுப்பியிருந்தார்கள். ஒருவர் எங்கள் மூத்தவர், எல்லோருக்கும் அவர் மதர். இன்னொருத்தி நான். ஜார்ஜ்டவுனில் இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

திருநெல்வேலிக்காரிக்கு வெயிலைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. ஆனால் அந்த ஊர் வெயில் காய்வதில்லை, ஒட்டிக்கொள்ளும். துவைத்துப் போட்ட அங்கி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். மத்தியானம் ஒரு மழை பெய்யும். விட்டதும் முன்னைவிடப் புழுக்கம். நாங்கள் போகவேண்டிய வீடுகள் பெரும்பாலும் ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடிகளில் இருந்தன. லிஃப்ட் சில மாடிகளில்தான் நிற்கும். சில நாள் எந்த மாடியிலும் நிற்காது. மதர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். பின்னால் குடையும் பையும் சுமந்து நான் ஏறுவேன். இரவு படுத்தால் கால் வலியில் தூக்கமும் வராது.

வரவேற்புக்குக் குறைவில்லை. "வாங்க சிஸ்டர், உக்காருங்க லா" என்று அந்த ஊர்ப் பேச்சில் அழைத்து, காற்றாடியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, கேட்காமலேயே ரோஸ் சிராப் கலக்கி ஐஸ் போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். தொண்டை வறண்டு கிடக்கும். மதரோ கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிக்கணும், எங்களுக்கு வழக்கமில்லை" என்பார். வெளியார் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் சபையின் விதி. பிறகு ஜெபம் சொல்வோம். அந்த நாட்களில் நான் உருகி உருகிச் சொன்ன ஜெபமெல்லாம் அந்தக் கிளாசைப் பார்த்துச் சொன்னவைதான்.

முதல் ஞாயிறு வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் பெஞ்சுகள் காலி. பங்குச் சாமியார் நல்ல மனிதர், அவரே தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "இந்த மாசம் முழுக்க இப்படியே போனா, பிஷப்கிட்ட நான் என்ன சொல்றது சிஸ்டர்? பர்மிட் முடிஞ்சதும் திரும்பிப் போகவேண்டியதுதான்."

திருப்பி அனுப்பினால் நிம்மதி என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் மகள் கடல் தாண்டி ஊழியத்துக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். போன சுருக்கில் திரும்பி வந்து அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் மறுபடியும் படியேறினோம். இந்தத் தடவை வீட்டுக் கதவு திறந்தது, அதற்கு முன்னால் இருக்கும் கம்பிக் கதவு திறக்கவில்லை. "பசாருக்குக் காய் வாங்கக் கெளம்பிட்டோம் சிஸ்டர்" என்று கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றே பேசி அனுப்பினார்கள். என்ன குற்றம் செய்தோம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரே ஒரு பெண்தான் கம்பிக் கதவைத் திறந்தாள். தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மதர் மூச்சு வாங்கியதைப் பார்த்து மனசு கேட்காமல் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து மதர் முன்னால் வைத்தாள். மதர் வழக்கம்போலக் கும்பிட்டார்.

அவள் கிளாசை எடுக்கவில்லை. "குடிக்க மாட்டீங்கன்னு தெரியும். இந்த பிளாட் முழுக்கத் தெரியும் லா" என்றாள். "நான் சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி வீட்டம்மா எங்க லயத்து வீட்டுக்கு வருவாங்க. நின்னுக்கிட்டே பேசுவாங்க. தண்ணி குடுத்தா இப்படியேதான் கும்புடுவாங்க. நாங்க என்ன சாதின்னு அவங்களுக்குத் தெரியும். அதெல்லாம் வேணாம்னுதான் தோட்டத்தவிட்டு இங்க வந்தோம். இப்ப ஊர்லேருந்து சாமி சொல்லிக் குடுக்க வந்தவங்களும் அப்படின்னா, எம்பிள்ளைங்கள எப்படி அனுப்புவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை. அத்தனை நாள் அலுப்பும் அதோடு சேர்ந்துகொண்டது.

"அக்கா, எங்க ஊரில எங்க தெரு தனி. எங்க வீட்டுத் தண்ணிய இன்னிக்கும் ஊருக்குள்ள ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க. என்னைப் போயி இப்படிச் சொல்லிட்டீங்களே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். மடத்தில் நாங்கள் யாரும் சாதியை வாய்விட்டுப் பேசியதில்லை. மதர் முன்னால் நான் அதைச் சொன்னது அன்றுதான்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அந்தக் கிளாசை எடுத்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் மதரைப் பார்க்கவில்லை. வாங்கிக் கடகடவென்று குடித்தேன். "ஞாயித்துக்கெழம பிள்ளைங்க வரும் சிஸ்டர்" என்றாள்.

படியிறங்கும்போது திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஒரு திருப்பத்தில் மதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சபையில எத்தனையோ விதி. எல்லாம் எனக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கு. இந்தத் தண்ணி விதி மட்டும் ஒருநாளும் கஷ்டமா இருந்ததில்ல" என்றார். "ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது. எங்கம்மாவும் உங்க தெருப் பக்கம் வந்தா நின்னுக்கிட்டேதான் பேசியிருப்பாங்க."

கீழ்மாடியில் அடுத்த வீட்டுக் கதவை அவரே தட்டினார். கம்பிக்கு அந்தப்பக்கம் வந்து நின்ற பெண்ணிடம், "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டார்.