வெட்டுமேசை மேல் எஞ்சின்

ரொட்டியக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தெருவில் குறைவு. விடியும் முன்பே பேக்கரிக்குப் போய், வண்டியின் பின்னால் தட்டுத் தட்டாக ரொட்டியும் பன்னும் ஏற்றி, கடைகளுக்கும் மாணவர் விடுதிக்கும் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கும் போட்டுவிட்டு வருவது அவள் பிழைப்பு. டீ குடிப்பதானாலும் வண்டியை அணைக்க மாட்டாள். ஒரு கால் தரையில், ஒரு கை ஆக்ஸிலரேட்டரில், இன்னொரு கையில் கிளாஸ்.

"டீயாவது கொஞ்சம் ஆறட்டும்க்கா" என்பார் கடைக்காரர்.

"டீ ஆறினா ரொட்டியும் ஆறிடும் தம்பி" என்று நாக்கைச் சுட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அப்படிப்பட்டவளைத்தான் அந்த வண்டி நடக்க வைத்தது.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு அளவாக ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். உள்ளே ஓடும் பிஸ்டனுக்கு அந்த ஆயில்தான் வழுவழுப்பு. அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஒரு நாள், எழுந்ததும் பெட்ரோல் பங்கில் போய் வரிசையில் நிற்க வேண்டாமே என்று அவள் வீட்டுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் டாங்க் நிறைய ஊற்றி வந்தார். வெறும் பெட்ரோல். ஆயில் நினைப்பே அவருக்கு வரவில்லை. மறுநாள் மேம்பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் 'கிறீச்' என்று கத்திவிட்டுப் பூட்டிக்கொண்டது. தட்டுகள் சரிந்து, பன்களெல்லாம் பாலத்து இறக்கத்தில் போட்டி போட்டுக்கொண்டு உருண்டன.

வீட்டுக்காரர் தையல்காரர். நிதானமென்றால் அப்படியொரு நிதானம். ஊசியில் நூல் கோப்பதற்கு முன்னால் ஊசியைத் துடைப்பவர். விஷயம் தெரிந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, "நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க" என்றாள் அவள். அந்த 'விடுங்க'வில் மன்னிப்பு பாதிதான் இருந்தது. மீதியை அவரும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

மெக்கானிக் சொன்ன விலை தலையைச் சுற்ற வைத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். "ரெண்டு வாரம் ஆகும், அப்பப்ப வந்து எட்டிப் பாருங்க" என்றாரே, அதுதான் பொறுக்கவில்லை. அதற்குள் பேக்கரி முதலாளியிடமிருந்து போன் வந்துவிட்டது.

"உன் லைனை வேன்காரர் பாத்துக்கறாரும்மா. அவருக்கும் ருசி கண்டுடுச்சு. திங்கக்கிழமை காலையில உன் வண்டி நம்ம வாசல்ல நின்னா லைன் உன்னோடது. இல்லேன்னா என்னைக் குத்தம் சொல்லாத."

அது அவள் சைக்கிள் மிதித்த காலத்தில் ஒவ்வொரு கடையாகப் பிடித்த லைன். ஆஸ்பத்திரி கேன்டீனுக்குள் நுழைய மட்டும் எத்தனை நாள் வாசலில் தவம் கிடந்திருக்கிறாள். அதை ஒரு வேனுக்குத் தூக்கிக் கொடுப்பதா? எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்டுவது என்று முடிவு செய்தாள். சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து வாங்குவதற்கும், ஒரு சைஸ் பெரிய பிஸ்டனுக்கும்தான் கையிருப்பு தாங்கும். மற்றதெல்லாம் கைவேலை. இத்தனை வருஷம் மெக்கானிக் கடைகளில் காத்து நின்றவள். கால்தான் தவித்ததே தவிர, கண் சும்மா இருந்ததில்லை.

வீட்டில் எஞ்சினைத் தாங்கும் பலமுள்ள மேசை ஒன்றே ஒன்றுதான். அது வீட்டுக்காரரின் வெட்டுமேசை. அதன் மேல் ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடைச் சட்டைகள் வெட்டுப்பட்டு அடுக்கடுக்காக இருந்தன. அத்தனையும் வெள்ளை. தையல்காரர் ஒரு சாக்குக் கட்டியை எடுத்து மேசையின் குறுக்கே கோடு கிழித்தார்.

"இந்தப் பக்கம் சட்டை. அந்தப் பக்கம் உன் எஞ்சின்."

"சரி. கோட்டைத் தாண்டி வந்து எதையும் தொடாதீங்க."

"நான் தாண்டறது இருக்கட்டும். உன் ஆயில் தாண்டாம பாத்துக்க."

மண்ணெண்ணெய் நாற்றம் பிடித்துப் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள். "என்னடி இது, வண்டிக்குச் சட்டை தைக்கிறீங்களா?"

"ஆமாக்கா, அளவு எடுத்துட்டிருக்கோம். நீங்களும் ஒண்ணு சொல்லிடுங்க, ஒரே துணியில முடிச்சிடலாம்."

எஞ்சின் பிரிந்தது. சிலிண்டரின் உள்சுவரில் பூனை பிறாண்டியது போலக் கீறல்கள். பிஸ்டனின் நடுவே கோத்திருக்கும் 'பின்' என்ற இரும்புத் தண்டை உருவினால்தான் அதைக் கழற்ற முடியும். அந்தப் பின் நழுவாமல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி வளையம் பிடித்திருக்கும். சுண்டுவிரல் மோதிரத்தைவிடச் சின்னது, மெக்கானிக்குகள் அதை 'லாக்' என்பார்கள். முதல் லாக் ஒழுங்காக வந்தது. இரண்டாவது குறட்டிலிருந்து சுண்டிப் பறந்து எங்கோ 'டிங்' என்றது. பழசுதானே, போகட்டும் என்று விட்டுவிட்டாள். புது பிஸ்டனோடு இரண்டு புது லாக் வரும்.

சிலிண்டரைக் கடைந்து கொடுத்த லேத்துக்காரர் கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார். "அக்கா, ஸ்டார்ட் ஆச்சுன்னு உடனே முறுக்கிடாதீங்க. புது பிஸ்டன் பழகற வரைக்கும் பாதி ஆக்ஸிலரேட்டர்தான். நடுவுல நடுவுல அணைச்சு ஆற விடணும்."

"எதுவரைக்கும்?"

"ஒரு ஐந்நூறு கிலோமீட்டர்."

"ஐந்நூறா! மெதுவாப் போறதுக்கு எதுக்குத் தம்பி வண்டி?"

"உங்களைத் தெரிஞ்சுதான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்ட ஆரம்பித்தாள். எதுவும் உள்ளே விழாமலிருக்க எஞ்சின் வாயில் துணி அடைத்து, புது பிஸ்டனை நிறுத்தி, பின்னைத் தள்ளி, லாக் போடும் சமயம் பார்த்துப் போன் அடித்தது. முதலாளி. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வந்துடுவியாம்மா? வேன்காரர் கேட்டுட்டே இருக்காரு."

"வந்துடறேன் முதலாளி, வந்துக்கிட்டே இருக்கேன்னு வச்சுக்குங்க." வாய் பேசிக்கொண்டிருந்தது, கை வேலை செய்துகொண்டிருந்தது. போனை வைத்தவுடன் துணியை உருவினாள், சிலிண்டரை இறக்கினாள், மேலே மூடியாக ஹெட்டை வைத்து நட்டுகளை முறுக்கினாள். மதியத்துக்குள் எஞ்சின் வண்டியில் ஏறிவிட்டது. கார்புரேட்டரை மாட்டும்போதுதான் பார்த்தாள், பொடித் துளை ஒன்று அடைத்திருந்தது. குத்தி எடுக்க நைலான் நூல் வேண்டும். வீட்டுக்காரரின் பொத்தான் டப்பாவைத் திறந்தாள்.

கொக்கிகளுக்கும் பொத்தான்களுக்கும் நடுவே பளபளவென்று ஒரு கம்பி வளையம் கிடந்தது.

லாக்.

வளையத்தை எடுத்து நீட்டினாள். "என்னங்க, இது எங்க கிடைச்சுது?"

"கீழ கிடந்துச்சு. ஏதோ கொக்கி போலன்னு எடுத்து வச்சேன்."

"எப்ப?"

"பெருக்கும்போது."

"எப்பப் பெருக்கினீங்க?"

"நான் எப்பப் பெருக்கல?" என்றார் அவர். அது உண்மை. நூல் பிசிறு விழுந்தால் துடைப்பம் எடுப்பவர்.

"கறுப்பா இருந்துச்சா, புதுசா இருந்துச்சா? அதையாவது சொல்லுங்க."

"எண்ணெய்ப் பிசுக்கா இருந்துச்சு. துணியில பட்டா கறையாயிடும்ல? சோப்புப் போட்டு, கம்பி நார்ல நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டேன்."

இது அன்றைக்குப் பறந்த பழைய லாக்காக இருந்தால் ஒன்றுமில்லை. இன்று போன் பேசும்போது கை நழுவவிட்ட புது லாக்காக இருந்தால், பின்னுக்கு ஒரு பக்கம் பிடிப்பில்லை. ஓடுகிற வேகத்தில் அது நகர்ந்து, கடைந்து வாங்கிய சிலிண்டரை மறுபடி கிழித்துவிடும். எண்ணெய் பழசிலும் இருந்தது. புதுசுக்கும் அவளே தடவியிருந்தாள். தேய்த்துக் கழுவினால் எல்லாம் வெள்ளிதான். வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போட்டேனா, போடலையா? கண்ணை மூடிக் கையைக் கேட்டாள். கைக்கு முதலாளியின் குரல்தான் ஞாபகம் வந்தது.

வாசலுக்குப் போனாள், வந்தாள். வண்டியைப் பார்த்தாள், மறுபடி வாசலுக்குப் போனாள். தையல்காரர் சட்டையை ஓரமாக வைத்தார்.

"திறந்து பாத்துடேன்."

"எப்படித் திறக்கறது? சிலிண்டருக்கு அடியில இருக்கற பேக்கிங் அட்டை ஒட்டிப் பிடிச்சிருக்கும், தூக்கினா கிழிஞ்சிடும். இன்னைக்கு எந்தக் கடை திறந்திருக்கு? திறந்தா நாளைக்கு வண்டி இல்ல. திறக்கலைன்னா வண்டி இருக்கா இல்லையான்னே தெரியாது."

"அட்டைதான?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"காலருக்கும் பாக்கெட்டுக்கும் அளவு வெட்டி வைக்கறதும் அட்டைதான்" என்றார் அவர். கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார்.

 அவள் உள்ளங்கையால் மேசையின் சாக்குக் கோட்டைத் தேய்த்து அழித்தாள். "வாங்க. கை கழுவாம வாங்க, கழுவினது போதும்."

எஞ்சின் மறுபடி பிரிந்தது. எதிர்பார்த்தபடியே பேக்கிங் இரண்டாகக் கிழிந்து வந்தது. சிலிண்டரை மேலே தூக்கும்போது அவள் மூச்சு விடவில்லை. துணியை அடைத்துவிட்டு, ஒரு பக்கம் விரலை வைத்தாள். லாக் இருந்தது. பிஸ்டனுக்கு அந்தப் பக்கம் கையைக் கொண்டு போனாள். அதுவும் இருந்தது. இரண்டும் அதனதன் பள்ளத்தில், அச்சாக உட்கார்ந்திருந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, கடைசியில் கோபம்தான் வெளியே வந்தது. "எல்லாம் வெட்டி வேலை! போட்டிருக்கேங்க, ஒழுங்காப் போட்டிருக்கேன்!"

"தெரியாமலே அந்தப் பாலம் ஏறியிருப்பியா?"

"ஏறியிருப்பேன்" என்றாள் யோசித்து. "ஒவ்வொரு சத்தத்துக்கும் செத்துச் செத்து ஏறியிருப்பேன்."

"அப்ப வெட்டி வேலை இல்ல" என்று அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

சிலிண்டரின் அடிப்பாகத்தில் ஆயிலைத் தடவி அட்டையில் ஒற்றினார். முத்திரை குத்தியது போல வடிவம் விழுந்தது. கிழிந்த பழசை விரல்களுக்கு நடுவே வைத்து, புது அட்டையோடு கனம் ஒப்பிட்டார். ஒன்றைத் தள்ளிவிட்டு வேறு ஒன்றை எடுத்தார். நடு வட்டத்தை வெட்டும்போது கத்தரிக்கோலை அசைக்கவில்லை, அட்டையைத்தான் திருப்பினார். போல்ட்டுகளுக்கான ஓட்டைகளைப் பெல்ட்டுக்கு ஓட்டை போடும் பஞ்சிங் கருவியால் குத்தினார். அதற்குள் அவள் அடுப்படியில் ஹெட்டுக்கு வைக்கும் செப்புப் பேக்கிங்கைக் கேஸ் தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாள். அப்படிச் செய்தால் செம்பு இளகி, மறுபடி ஒரு முறை அமுங்கிக் கொடுக்கும். போய்ப் பார்த்தால் அவர் இன்னும் ஓரம் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"எவ்வளவு நேரம்ங்க!"

"கழுத்து அளவு தப்பினா சட்டை உக்காருமா?"

கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அட்டை ஆயிலில் ஊறி, போல்ட்டுகளின் மேல் இறங்கியபோது எந்தப் பக்கமும் இடிக்கவில்லை, இழுக்கவில்லை.  அவள் இன்னொரு ஸ்பானரை அவர் கையில் கொடுத்தாள். "பிடிங்க, நான் இந்தப் பக்கம் முறுக்கறேன்."

மாலை வெயில் இருக்கும்போதே வண்டி வாசலில் நின்றது. உதைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தாள். இருமியது. அடுத்த உதையில் தெருவே மறைகிற மாதிரி நீலப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது.

"தெருவையே கொளுத்திடுவ போலிருக்கேடி!" என்று புகைக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது. தையல்காரர் சோப்பு நுரையோடு குனிந்து, தான் வெட்டிய அட்டையின் விளிம்பைச் சுற்றித் தடவினார். எங்காவது காற்று கசிந்தால் குமிழி காட்டிக் கொடுக்கும். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு குமிழியும் இல்லை.

திங்கட்கிழமை வழக்கத்தைவிட ரொம்ப முன்னதாகவே கிளம்பினாள். சீட்டின் பக்கவாட்டில் தடித்த துணியில் புதிதாக ஒரு பை தொங்கியது. உள்ளே ஆயில் பாட்டில், அதன் கழுத்தில் அளவு தெரிய ஒரு சிவப்பு நூல். எப்போது தைத்தார் என்று அவள் கேட்கவில்லை. பாட்டிலை ஒருமுறை அழுத்தி உள்ளே தள்ளிக்கொண்டாள்.

பாதி ஆக்ஸிலரேட்டர். கை முறுக்கச் சொன்னது, காது வேண்டாமென்றது. சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் அவளைக் கடந்து, திரும்பி வேறு பார்த்தார். பேக்கரி வாசலில் வேன் நின்றது. வேன்காரர் அவள் தட்டுகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதை அப்படியே இந்தப் பக்கம் கொண்டாங்க" என்றாள் இறங்காமலே.

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வண்டியின் புகையைப் பார்த்தார். "ஓடுமாம்மா?"

"ஓடித்தான வந்திருக்கு."

"கேன்டீன்ல லேட்டுன்னு போன் வந்தா?"

"வராது."

முதலாளி தலையாட்டினார். தட்டுகள் அவள் வண்டிக்கு மாறின.

மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் டீக்கடை. எஞ்சின் ஆற வேண்டிய நேரம். நிறுத்தி, சாவியைத் திருப்பினாள். கடைக்காரர் கிளாஸோடு ஓடி வந்தார். "என்னக்கா, வண்டியையே அணைச்சிட்டீங்க? மறுபடி காய்ச்சலா?"

"இது ஆறணுமாம் தம்பி."

ஊன்றிய கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் ரொட்டி, முன்னால் பாலம், கேன்டீனில் கடிகாரம். குனிந்து சிலிண்டருக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. டீயை வாயில் வைத்தாள், அது ஆறிப்போயிருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். எஞ்சினைத் தொட்டாள். சூடு இன்னும் கொஞ்சம் இருந்தது. கையை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். தொட்டுக்கொண்டே இருக்கலாம் என்ற பதத்துக்கு வந்ததும் உதைத்தாள். ஒரே உதையில் பிடித்தது. பாதி ஆக்ஸிலரேட்டரில், லாரிகள் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போக, பாலத்தில் ஏற ஆரம்பித்தாள்.