மேலடுக்கில் வைத்த பிள்ளைகள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இன்று பங்காருபாளையத்தில் எனக்குச் சொந்தமாக மாங்காய் மண்டி இருக்கிறது; பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தலைவனும் நான்தான். ஒரு காயைக் கையில் எடுத்தாலே எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவேன். பட்டம் வாங்கியவன் எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம்.

திருப்பதியிலிருந்து ஆராய்ச்சி செய்கிற அம்மாள் ஒருவர் வந்தார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் புதுமுறையில் பாடம் நடத்திப் பார்க்க வேண்டுமாம். "ரொம்பப் பின்தங்கின பத்துப் பேரைக் கொடுங்க," என்றார். ஹெட்மாஸ்டர் பட்டியல் எழுதினார். முதல் பெயர் என் மண்டியில் காய் பிரிக்கிறவளின் மகள். ஐந்தாம் வகுப்பு, ஓர் எழுத்தும் மனதில் நிற்காது.

இதுகளைக் காட்டினால் ஊர் மானம் என்ன ஆவது? கூடையில் வியாபாரி கண்ணில் படுகிற மேலடுக்குக்கு நல்ல காயாகப் பொறுக்குவது போலப் பொறுக்கினேன். எழுத்துக்கூட்டத் தெரிந்த, லேசாகத் தள்ளினால் ஓடிவிடுகிற பத்துப் பேர். அவள் பெயரை அடித்துவிட்டேன்.

மறுநாள் தாய்க்காரி மகளோடு வந்து நின்றாள்.

"எம் பொண்ணையும் சேத்துக்கோங்க ஐயா. வூட்ல அழுதுகினே கீறா."

"சேத்து இன்னா பண்றது? உம் பொண்ணு வெம்பல் காய், எத்தினி நாள் வச்சாலும் பழுக்காது. வெம்பல மேல வச்சா எவன் வாங்குவான்?"

மண்டியே சிரித்தது. தாயும் சிரித்து வைத்தாள். பெண் சிரிக்கவில்லை.

மூன்றே மாதத்தில் பத்துப் பேரும் கடகடவென்று வாசித்தார்கள். முறை பலித்துவிட்டது என்று அம்மாள் எழுதிக்கொண்டு போனார். எனக்குச் சால்வை போட்டார்கள். அவர் எழுதியதை நம்பி அடுத்த வருடம் பள்ளி முழுவதற்கும் அதே முறை வந்தது. அந்தப் பெண்ணும் உட்கார்ந்தாள். வருடம் முடிந்தும் ஓர் எழுத்து ஏறவில்லை.

"எல்லாருக்கும் பலிச்ச முறை. உனுக்கு ஏறலன்னா கோளாறு உன் தலையிலதான்," என்று தாய் முன்னாலேயே சொன்னார் ஹெட்மாஸ்டர். வேறு வழியில் சொல்லிக்கொடுக்க யாரும் முயலவில்லை. அவளைப் போன்ற பிள்ளையிடம் அந்த முறையைச் சோதித்ததே இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

இப்போது அவளும் என் மண்டியில்தான் காய் பிரிக்கிறாள். கை தப்பாது. போன வாரம் ஒரு காயை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னாட்டம் வெம்பல் ஐயா. எங்க வைக்கட்டும்?"

அன்று சிரித்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"அடியில வை," என்றேன்.