மாடு விற்ற காசும் கிராணியின் மலைநிலமும்

தோட்டத்து ஆட்களுக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது, கையில் வந்ததைக் கள்ளுக்கடையில் கொட்டிவிட்டு வருவார்கள் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. இப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட என் அம்மாவின் மாட்டுக்கொட்டகையைப் பார்த்ததில்லை.

மலாயாவில் மந்தின் ஊரிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் பாதையில் இருந்தது எங்கள் தோட்டம். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பாலெடுத்தோம். எனக்கு அப்போது கல்யாண வயது. மத்தியானம் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்ததும் அப்பா படுத்துவிடுவார். அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கக் கிளம்புவாள். ஒரே ஒரு கன்றுக்குட்டியில் தொடங்கியவள் கொட்டகை நிறைய மாடு சேர்த்திருந்தாள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கும், ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீட்டுக்கும், மந்தின் கடைகளுக்கும் எங்கள் பால்தான் போனது. எந்த வங்கியும் எங்களை வாசல்படி ஏறவிட்டதில்லை. என் கல்யாணம், அப்பாவின் வயதான காலம் எல்லாமே அந்தக் கொட்டகையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. இதற்குப் பெயர் முதலீடு இல்லையென்றால் வேறு என்ன?

பிறகு, கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் ஆயுதத்தோடு ஆட்கள், ரோட்டில் பட்டாள லாரிகள். ஓரமாகச் சிதறிக் கிடந்த லயங்களை, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளையெல்லாம், பிரித்து எங்களை ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் அடைத்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். வேலைக்குப் போகும்போது ஒரு கைப்பிடி அரிசி இருக்கிறதா என்று கேட்டில் மடியைத் தடவிப் பார்த்தார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். வேலிக்கு உள்ளே மாட்டுக்கு இடமில்லை, வெளியே மேய்க்க அனுமதியில்லை. விற்றுவிடச் சொல்லி உத்தரவு.

விற்றே ஆக வேண்டியவனிடம் எவன் நியாயமான விலை கொடுப்பான்? சிரம்பானிலிருந்து வந்த வியாபாரிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவன் சொன்ன விலையைத்தான் அடுத்தவனும் சொன்னான். சினைமாட்டைக்கூட வெறும் கறி விலைக்குக் கேட்டார்கள். அம்மா அழவில்லை. தானே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, வாங்கியவன் காலடியில் காறித் துப்பினாள்.

அந்தக் காசு வீட்டுக்கு வந்த பிறகுதான் கிராணி எங்கள் லயத்துக்கு வந்தார். தோட்டத்து ஆபீசில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். வெள்ளைக் கால்சட்டை அழுக்காகிவிடும் என்று லயத்துப் பக்கம் கால் வைக்காத மனுஷன், அன்றைக்கு எங்கள் முக்காலியில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் காப்பியையும் குடித்தார்.

"காச பெட்டியில வச்சிருந்தா கரைஞ்சிதான் போகும்" என்றார் அப்பாவிடம். "கொரியாவுல சண்டை நடக்குது. வெள்ளக்காரனுக்கு ரப்பர் வேணும்லா. வெல ஏறிக்கிட்டே இருக்கும், இனிமே எறங்கவே எறங்காது. மலையோரம் நானும் கூட்டாளிங்களும் ஒரு ரப்பர் நெலம் எடுத்திருக்கோம். நம்ம ஆளாச்சேன்னுதான் ஒனக்கு ஒரு பங்கு தரேங்கறேன்."

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். "அது வேலிக்கு வெளிய இருக்கே ஐயா. யாரு போயி மரம் வெட்டுறது?"

"காட்டுக்காரன் தொல்லை சீக்கிரம் ஒழிஞ்சிரும்மா. நெலம் எங்கயும் ஓடிடாது. ஒனக்கு இதெல்லாம் புரியாது." அத்தோடு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மாட்டைத் தெரியும், புல்லைத் தெரியும், எந்த வீட்டுக்கு எவ்வளவு பால் என்று தெரியும். பணம் மட்டும் அவளுக்குப் புரியாதாம்!

அவர் போன பிறகு வீட்டில் சண்டை. "படிச்ச மனுசன். நம்மள ஏமாத்தி அவருக்கு என்னா ஆவப்போவுது?" என்றார் அப்பா. படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும், சட்டை வெளுப்பாக இருப்பவன் பொய் சொல்ல மாட்டான் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுதும் நம்பியது. காசு கை மாறியது.

கொஞ்ச காலம் விலை ஏறத்தான் செய்தது. அப்பாவின் நடை மாறிவிட்டது. முள்கம்பிக்குள் இருந்துகொண்டு, கண்ணால்கூடப் பார்க்காத நிலத்துக்குச் சொந்தக்காரராக நடந்தார். பிறகு விலை விழுந்தது. எங்கள் சம்பளத்திலும் கை வைத்தார்கள். அப்பா ஆபீசுக்கு ஓடினார். கிராணி சிரித்தாராம். "இப்ப வித்தாதான் நட்டம். விக்காம வச்சிருந்தா நட்டமே இல்ல. நானே விக்கலயே, பாக்கல?"

அந்த வார்த்தையை அப்பா மருந்து மாதிரி தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து லயத்துப் பெண், புதிதாகக் கல்யாணமானவள், சந்தோஷமாக என்னிடம் சொன்னாள். "எங்களுக்கும் மலையோரத்துல பங்கு வந்திருச்சுக்கா. கிராணி ஐயா அவரு பங்கையே எங்களுக்குக் கொடுத்துட்டாரு. வெல கம்மியா இருக்கறப்ப வாங்கிப் போடணுமாம். தாலிச் சங்கிலிய வித்துதான் கொடுத்தோம்."

வாளியை அங்கேயே போட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் பெரட்டில், அதாவது விடிவதற்குமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்தில், அம்மா வரிசையை விட்டு வெளியே வந்து கிராணி முன்னால் நின்றாள்.

"ஐயா, எங்களையெல்லாம் விக்காதீங்கன்னு சொல்லிட்டு நீங்க மட்டும் ஏன் வித்தீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிராணி குரலை உயர்த்தவேயில்லை. அவள் அருகில் வந்து, எனக்கும் கேட்கும்படி சொன்னார். "மாடு வச்சிருந்தியே, அந்தப் பாலு யாரு யாருக்குப் போச்சுன்னு போலீசுல சொல்லவா? காட்டுப் பக்கமும் போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்மா எனக்கு."

அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். விசாரணை கிடையாது. லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள், திரும்புவார்களா என்று கேட்க ஒரு இடம் கிடையாது. அவர் வீட்டுப் பிள்ளைகள் குடித்து வளர்ந்த பால் அது! அதையே எடுத்து அம்மாவின் கழுத்தில் வைத்தார்.

அப்பா ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார். "பொம்பள தெரியாம பேசிட்டா, மன்னிச்சிருங்கய்யா." அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பால்வாளியைத் தூக்கிக்கொண்டு தன் மரநிரைக்கு நடந்தாள். அதற்குப் பிறகு மழைக்காலம் முடியும்வரை அப்பாவோடு பேச்சு இல்லை. சோறு மட்டும் போட்டாள்.

நிலத்துக்கு யாராலும் போக முடியவில்லை. லாலாங் புல் மண்டி, மரங்களைக் கொடி மூடிவிட்டது என்று கேள்விப்பட்டோம். நிலவரி கட்ட முடியாமல் கடைசியில் பங்குக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அதை டவுனில் இருந்த சீன முதலாளி, தௌக்கே ஒருவரிடம் தள்ளிவிட்டார்கள். எங்களுக்கு வந்தது ஒரு கன்றுக்குட்டிக்குக்கூடக் காணாது. என் கல்யாணம் தள்ளிப் போனது. அந்தப் பக்கத்து லயத்துப் பெண் கழுத்தில் மஞ்சள் கயிறோடு வெகுகாலம் இருந்தாள். அன்றைக்கு விற்காமல் வைத்திருந்தால் இன்று கோடீஸ்வரர்கள் என்று என் பேரன் கணக்குச் சொல்கிறான். எதை வைத்துக்கொண்டு வைத்திருப்பதாம்? பொறுத்திருப்பதற்கும் வசதி வேண்டும். அது எங்களிடம் இருந்ததில்லை.

ஊரடங்கெல்லாம் தளர்ந்து, கேட்டில் தடவிப் பார்ப்பதும் நின்ற பிறகு கிராணிக்கு ஓய்வு வந்தது. சிரம்பானில் கல்வீடு கட்டி முடித்திருந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசாரம். மூத்த தொழிலாளி என்று அப்பாவை மாலை போடச் சொல்லியிருந்தார்கள். அம்மா வர மாட்டேன் என்றுவிட்டாள். நான் போனேன்.

கிராணி எழுந்து பேசினார். தொழிலாளிகள் சிக்கனம் கற்க வேண்டுமாம். சம்பாதிப்பதைப் பெருக்கத் தெரிய வேண்டுமாம். "நான் வழி காட்டினேன். நம்ம ஜனங்களுக்குப் பொறும இல்ல" என்றார். துரை கைதட்டினார். துரைக்குத் தமிழ் அரைகுறை.

அப்பாவைக் கூப்பிட்டார்கள். மாலையோடு போனவர் கிராணிக்கு முன்னால் நின்றார். மாலையை மேசைமேல் வைத்தார்.

"நான் குடிச்சி அழிக்கல ஐயா" என்றார். "நீங்க சொன்னதக் கேட்டுத்தான் அழிஞ்சேன். இந்த மாலைய நான் போட மாட்டேன்."

யாரோ பின்னால் பெஞ்சை நகர்த்தினார்கள். அந்த மஞ்சள் கயிற்றுப் பெண் எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். கிராணி மேசைமேல் இருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"இப்பத்தான் வாயி வந்துச்சா?" என்றாள்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீனுக்குச் செதில் சீவத் தொடங்கினார்.