டிஸ்கோ பாட்டில் நான் தப்பாகப் பாடிய சொல்

சென்ற ஆண்டு சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது இது. எனக்கு வேலை ஒரு கப்பல் நிறுவனத்தில். வார இறுதியில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து விருந்துகளில் பாடுவோம். அன்றைய மணப்பெண் என் தோழியின் மகள், மருத்துவமனையில் தாதி. அவளோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தாதிகள் இரண்டு மேசை நிறைய வருகிறார்கள் என்று தெரிந்ததும், அவர்கள் ஊர்ப் பழைய டிஸ்கோ பாட்டு ஒன்றை எங்கள் பாணியில் பாடி அசத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். மொழி தெரியாது. அதனால் என்ன? காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிவைத்து, எம்ஆர்டி ரயிலில் போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்தே மனப்பாடம் செய்தேன். தவிலும் சேர்த்தோம். துள்ளலான பாட்டு, கல்யாணத்துக்குப் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, மைக் சரிபார்க்க அதைப் பாடினேன். உதவிக்குச் சீக்கிரமே வந்திருந்த ஒரு பிலிப்பைன்ஸ் தாதி, கையில் பூத்தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். முடித்ததும் அருகில் வந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "சிஸ்டர், இதுக்கு அர்த்தம் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் கணவனிடம் மனைவி பாடுவதாம். இன்றைக்கு என்னோடு ஆடு, நாளை இந்த வீட்டில் உன் காலடி கேட்காது, திரும்பி வா என்று. அவர் ஊரில் யாராவது பயணப்பட்டால் முந்தின நாள் இதைப் போட்டுத்தான் ஆடுவார்களாம்.

"நான் சிங்கப்பூர் வரும்போது என் மகளோட ஆடினேன். அப்போ அவளுக்கு நாலு வயசு," என்றவர், கொஞ்சம் தயங்கினார். "நீங்க 'திரும்பி வா'ன்னு பாடல. 'மறந்துடு'ன்னு பாடறீங்க."

எனக்கு முகமே செத்துப்போனது. தவில் வாசிக்கும் நண்பர், "வேற பாட்டு பாடிக்கலாம் லா," என்றார். ஆனால் மணப்பெண் அடுத்த வாரம் கணவனோடு மெல்பர்னில் குடியேறப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். இந்தப் பாட்டை விட அவளுக்கு வேறு எது பொருந்தும்? அந்தத் தாதியோடு படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டேன். வாயில் வராத இடத்தில் அவர் சிரித்தார், விடவில்லை.

அன்று மேடையில் முதலில் பொருளைத் தமிழில் சொன்னேன், பிறகு பாடினேன். எந்த விருந்திலும் நாற்காலியை விட்டு அசையாத மணப்பெண்ணின் அப்பா எழுந்து போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். தாதிகள் எல்லோரும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, ஊரில் கல்லூரிக்குப் போகும் மகளுக்குக் காட்டிக்கொண்டே ஆடினார். 'திரும்பி வா' வந்தபோது அத்தனை பேரும் சேர்ந்து பாடியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இப்போதெல்லாம் பொருள் தெரியாத பாட்டை நான் தொடுவதில்லை, தெரிந்தவரிடம் கேட்க வெட்கப்படுவதும் இல்லை. தப்பு வெளிப்பட்ட அந்த நாளில்தான் என் பாட்டின்மேல் எனக்கு உண்மையான நம்பிக்கை வந்தது.